ஓரகத்திகள் காட்டுக்குப் போன நாள்

சீசன் முடிந்து, கடைசி விருந்தாளியும் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, விடுதியின் பாய்லர் ஒரு முனகலோடு நின்றுபோனது. கூட்டம் நிரம்பி வழிந்த நாளெல்லாம் முக்கி முனகி ஓடிவிட்டு, எல்லோரும் போன பிறகு படுத்துக்கொண்டதே, அந்த மட்டும் அதற்கு நல்ல மனசுதான் என்று விடுதியை நடத்தும் அண்ணன் தம்பியில் தம்பிக்காரன் அதைத் தட்டிக் கொடுத்தான். பிளம்பர் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக அடைத்துவிட்டு, "சாயந்திரம் வரைக்கும் யாரும் ஒரு குழாயையும் தொறக்காதீங்க," என்று சொல்லி, கருவிகளைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

துவைக்கும் அறை வாசலில் நின்ற பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே எல்லா அறைகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் துண்டுகளும் மலையாகக் குவிந்து கிடந்தன. தண்ணீர் இல்லாமல் அவற்றைத் துவைக்க முடியாது. தரையைத் துடைக்க முடியாது. குளியலறைகளைக் கழுவ முடியாது. வேறு என்ன செய்யலாம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. சும்மா இருப்பது எப்படி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கடற்கரைச் சாலையில், அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து நடத்தும் விடுதி அது. அண்ணன் சமையலறையைப் பார்த்துக்கொண்டார். தம்பி பழுது பார்ப்பது, பெட்டி தூக்குவது, வாடகை சைக்கிள்களுக்குக் காற்றடிப்பது என்று வெளிவேலைகளைப் பார்த்தான். மிச்சம் எல்லாம் அவர்களைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள் இருவர் தலையில். மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர்கள் அப்படித்தான். வெளியே துவைக்கக் கொடுக்காமல், வீட்டிலேயே துவைத்து வெயிலில் உலர்த்திய விரிப்பு என்பதுதான் அந்த விடுதியின் பெயரும் பெருமையும். அந்தப் பெருமையை விரிப்பு விரிப்பாகச் சுமந்து மாடி ஏறியவர்களும் இந்த இரண்டு பேர்தான்.

இத்தனை வருஷமாக ஒரே தொட்டியில் கைவைத்து, ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. "அஞ்சாம் நம்பர் காலி." "துண்டு பத்தாது." "அந்தக் கறை போகலை, இன்னொரு தரம் போடு." சண்டையும் கிடையாது, சல்லாபமும் கிடையாது. மனஸ்தாபம் என்று ஒன்றை வளர்க்கக்கூட அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

"அக்கா," என்றாள் சின்னவள் பின்னாலிருந்து. "போயிட்டு வரலாமா?"

"எங்க?"

"நீங்க எல்லாரையும் அனுப்பி வைக்கற எடத்துக்கு."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. போன வாரம் நடந்ததை இவள் மறக்கவில்லை போலிருக்கிறது.

சைக்கிள் கேட்டு வரும் விருந்தாளிகளுக்கு வழி சொல்வது பெரியவளின் வேலை. வரவேற்பு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கதை மாதிரி சொல்லுவாள். "பழைய ரயில் பாதையப் புடிச்சு நேராப் போங்க. ரெண்டு பக்கமும் காட்டுப் பூவா இருக்கும். அப்புறம் ஒரு மரப்பாலம். அதத் தாண்டினா காடு. வளைஞ்சு வளைஞ்சு ஏறினா மேல ஒரு பெஞ்சு. அங்க உக்காந்து திரும்பிப் பாத்தா மரத்துக்கு நடுவுல கடல் தெரியும் பாருங்க, அசந்துடுவீங்க." கேட்பவர்கள் அங்கேயே பாதி அசந்து போவார்கள். ஆனால் அவள் ஒரு முறைகூட அந்தப் பக்கம் போனதில்லை. போய் வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, அவளே கோத்துக்கொண்ட வழி அது.

போன வாரம் ஒரு விருந்தாளி முழங்கால் வரை சேறோடு வந்து மேசை முன்னால் நின்றார். பாலம் உடைந்து கிடக்கிறதாம். "நீங்க கடைசியா எப்போங்க அங்க போனீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பெரியவள் மேசைமேல் இருந்த சாவிகளை அடுக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த சின்னவள் தலை நிமிரவில்லை. அதுவே பெரியவளுக்குப் போதுமான அவமானமாக இருந்தது.

"உனக்கென்ன கிறுக்கா?" என்றாள் இப்போது. "வீடு கெடக்கற கெடப்புல ஊர் சுத்தப் போறாளாம்."

சமையலறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. "போயிட்டுத்தான் வாயேன். நீ இங்க நின்னு பாய்லர மொறைச்சா அது பயந்துக்கிட்டு ஓடிடுமா?"

பிளம்பர் பாய்லருக்குள் தலையை விட்டபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்கப் பிடிக்காமல்தான் பெரியவள் கிளம்பினாள் என்று சொல்ல வேண்டும்.

கொட்டகையில் இருந்ததிலேயே உயரம் குறைந்த சைக்கிளாகப் பார்த்து, கொழுந்தன் அதன் சீட்டை இன்னும் இறக்கிக் கொடுத்தான். சின்னவள் ரொட்டியும் அவித்த முட்டையும் ஒரு பிளாஸ்க் டீயும் பையில் வைத்துக் கேரியரில் கட்டினாள். கையில் வழக்கமான வெள்ளைப் பருத்தி உறையை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச காலமாக அவளுக்கு இது ஒரு பழக்கம். துண்டு மடிக்கும்போது உறை, சாப்பாடு பரிமாறும்போது உறை. பெரியவள் அவளை முகத்துக்கு நேராகவே "மகாராணி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். சின்னவள் அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்துவைப்பாள்.

கடற்கரைச் சாலையில் காற்று எதிரே வந்தது. ஐஸ்கிரீம் கடைகளுக்குப் பலகை அடித்திருந்தார்கள். குடை வாடகைக்கு விடுபவர் குடைகளை மடித்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்து வாயைப் பிளந்தார். "ரெண்டு பேரும் ஒண்ணா கெளம்பிட்டீங்க! வீட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"பாய்லருக்கு," என்றாள் சின்னவள்.

மீன்பிடித் துறையைத் தாண்டுவதற்குள் பெரியவளுக்குத் தொடை கடுக்க ஆரம்பித்துவிட்டது. ஹேண்டில்பார் சொன்ன பேச்சைக் கேட்காமல் இழுத்தது. கியர் என்று கொழுந்தன் எதையோ காட்டிக் கொடுத்திருந்தான். அதைத் தொட்டால் கடகடவென்று சத்தம் வந்ததே தவிர ஒன்றும் லேசாகவில்லை. ஒரு மீன் படகிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தி இவளையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை.

ஊர் முடிந்த இடத்தில் ரயில் பாதை ஆரம்பித்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு மண்ணைக் கெட்டித்துப் போட்டிருந்தார்கள். இருபுறமும் வேலிச் செடிகள் தோள் உயரத்துக்கு நின்றன. அவள் சொல்லும் காட்டுப் பூக்கள் எல்லாம் பூத்து ஓய்ந்து, காய்ந்த தலைகளாகக் காற்றில் ஆடின. பூக்கும் காலத்தில் அவள் துவைத்துக்கொண்டிருந்திருப்பாள். அதற்கப்பால் மேய்ச்சல் நிலம். மாடுகள் படுத்த இடத்திலிருந்தே இவர்களைப் பார்த்து அசைபோட்டன. மாடுகளைப் பார்க்கப் பெரியவளுக்குப் பொறாமையாக இருந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அப்படியே அவற்றின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல நிஜமாகவே இருந்தது.

"நில்லுடி," என்றாள். "மூச்சு வாங்குது."

சின்னவள் நின்றாள். அவள் எப்போதுமே கொஞ்ச தூரம் முன்னால் போய் நின்று காத்துக்கொண்டிருந்தாள். எதையோ சொல்ல வாயெடுப்பதும் பிறகு பிளாஸ்கைத் திறப்பதுமாக இருந்தாள். பெரியவள் அதைக் கவனித்தாள். ஆனாலும் கேட்கவில்லை. கேட்பதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

ஓடை வந்தது. பாலம் என்று சொல்ல அங்கே இரண்டு பலகைகளும் ஒரு பக்கக் கைப்பிடியும்தான் மிச்சம். கைப்பிடியும் அறுந்து பாதி தண்ணீரில் தொங்கியது. தண்ணீர் ஆழமில்லை, ஆனால் வேகமாக ஓடியது.

"பாவம் அந்த மனுஷன்," என்றாள் பெரியவள். "நான் பாட்டுக்கு அனுப்பி வச்சேன்."

"எறங்கித்தான் போகணும் அக்கா. திரும்பிடலாமா?"

திரும்பிவிடலாம் என்றுதான் பெரியவள் சொல்ல நினைத்தாள். ஆனால் திரும்பினால் மறுபடியும் அந்த எதிர்க்காற்று, அந்தக் குடைக்காரர், அந்தத் துவைக்கும் அறை. "வா," என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிக் கேரியரில் செருகினாள்.

பாதி ஓடையில் ஒரு வழுக்குப் பாறை. சைக்கிளோடு சேர்ந்து அவள் சாய்ந்தாள். சின்னவள் தன் சைக்கிளைப் போட்டுவிட்டு எட்டி அவள் கையைப் பிடித்தாள். பெரியவள் விழாமல் தப்பிக்க அந்தக் கையை இறுகப் பற்றினாள். அடுத்த நொடி சின்னவள் "அம்மா!" என்று அலறினாள். பக்கத்து மரத்திலிருந்த பறவைகள் எழுந்து பறக்கும் அளவுக்கு அலறல்.

சைக்கிள்களை எப்படியோ இழுத்துக்கொண்டு இருவரும் தடுமாறி அக்கரை ஏறினார்கள். சின்னவள் இரண்டு கைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"என்னடி? சுளுக்கிடுச்சா? காட்டு."

"ஒண்ணுமில்ல அக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படிக் கத்துவ? கழட்டு அந்த உறைய."

நனைந்த உறை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சின்னவள் விரல் விரலாகக் கழற்றினாள். பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் மடிப்புகளில் தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. உள்ளங்கை சிவந்து பளபளத்தது. அவள் பற்றி இறுக்கிய இடத்தில் புதிதாக ரத்தம் கசிந்தது.

"இது எப்பேர்ந்து?"

"போன சீசன்லேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா இருந்துச்சு. இந்தத் தடவ ரொம்ப அதிகமாயிடுச்சு."

"டாக்டர்கிட்ட காமிச்சியா?"

"காமிச்சேன். சோப்பு, பிளீச்சிங் பவுடர் எதையும் தொடக் கூடாதுன்னுட்டாரு."

"எத்தன நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல அக்கா. இனிமே எப்பவுமே தொடக் கூடாதாம்."

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கையோடா இவள் முந்தாநாள் வரை விரிப்பு பிழிந்தாள்? மறுமுனையில் நின்று முறுக்கியது நான்தானே?

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றாள் சின்னவள். சொல்லத் துணிந்துவிட்டவள், இனி நிறுத்தினால் சொல்ல முடியாது என்பது போல மளமளவென்று சொன்னாள். "அவருக்குக் கடலை விட்டுத் தள்ளி ஒரு டவுன்ல, பஸ் டிப்போவுல வேலை கெடச்சிருக்கு. எனக்கும் அங்கேயே டிக்கெட் கவுண்டர்ல பேசி வச்சிருக்காரு. கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு பண்ற வேலை. தண்ணியே தொட வேணாம். குளிர் ஆரம்பிக்கறதுக்குள்ள கெளம்பறோம்."

பெரியவள் ஈரப் பாவாடையைப் பிழிந்தாள். மறுபடியும் பிழிந்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"மாமாகிட்ட அவர் சொல்லிட்டாரு." பெரியவளின் கணவரைச் சின்னவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஓஹோ. அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

"சொல்லணும்னு எத்தனையோ வாட்டி வந்தேன் அக்கா. நீங்க ஒரு எடத்துல நின்னாத்தானே?"

"அப்ப நான் மட்டும் அங்க கெடந்து சாகணுமா?" என்று பெரியவள் கத்தினாள். "நீ பாட்டுக்குக் கண்ணாடிக்குப் பின்னாடி போய் உக்காந்துக்குவ. அத்தன ரூமுக்கும் நான் ஒருத்தி..."

"அதுக்காகத்தான் இந்த சீசன் முழுக்க இருந்தேன்," என்றாள் சின்னவள். அவளும் கத்தித்தான் சொன்னாள். அவள் கத்தி இதுவரை பெரியவள் கேட்டதில்லை. "ஆரம்பத்துலயே இந்த வேலைய விட்டுட்டுப் போன்னு சொன்னாரு டாக்டர். போனேனா?"

பெரியவள் செருப்பை மாட்டி, சைக்கிளை நிமிர்த்தி, ஏறி மிதித்தாள். ஊர்ப் பக்கமாக இல்லை, காட்டுப் பக்கமாக. கோபத்தில் திசை தப்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

காட்டுக்குள் வெளிச்சம் சட்டென்று மங்கியது. காற்று நின்றது. அதுவரை காதில் இரைந்துகொண்டிருந்தது காற்றுதான் என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. பெயர் தெரியாத மரங்கள் வழவழப்பான அடித்தண்டோடு நேராக மேலே போயின. இலைகள் பாதி மஞ்சளாகி, விழுவதா வேண்டாமா என்று தொங்கின. பாதை இலைச்சருகால் மெத்தென்று இருந்தது. கோபம் முதல் வளைவு வரை அவளை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டாவது வளைவில் அதுவும் கைவிட்டது. இறங்கித் தள்ளினாள். தள்ளத் தள்ள, சின்னவள் மேல் இருந்த ஆத்திரம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கும்படி ஆயிற்று. மிஞ்சியது அசதி ஒன்றுதான். அது இன்று ஏறியதால் வந்த அசதி இல்லை. மாடிப்படி மாடிப்படியாக, விரிப்பு விரிப்பாகச் சேர்ந்த அசதி. இத்தனை நாள் நிற்காமல் ஓடியதால் அது அவளை எட்டிப் பிடிக்க முடியாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இந்தக் காட்டில், இந்த மேட்டில், அது ஒரேயடியாக வந்து தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பின்னால் இன்னொரு சைக்கிளின் செயின் சத்தம் கொஞ்சம் இடைவெளி விட்டே வந்தது. சின்னவளும் தள்ளிக்கொண்டுதான் வந்தாள். கைப்பிடியை உள்ளங்கையால் பிடிக்காமல், முன்னங்கையை அதன்மேல் சாய்த்துத் தள்ளினாள்.

மேலே பெஞ்சு இருந்தது. அந்த மட்டும் யாரும் பொய் சொல்லவில்லை. பாசி படிந்து, ஒரு கால் மண்ணில் புதைந்து ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. பெரியவள் அதில் போய் உட்கார்ந்து, அவ்வளவு வருஷம் அத்தனை பேருக்குச் சொன்னது போலவே திரும்பிப் பார்த்தாள்.

மரம். அதற்குப் பின்னால் மரம். அதற்கும் பின்னால் மரம்.

"கடல் எங்கடி?"

சின்னவள் எட்டிப் பார்த்தாள். பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்த்தாள். "மரமெல்லாம் வளந்துடுச்சு போல அக்கா."

"ஒருத்தராவது சொல்லக் கூடாதா? எத்தன பேர் போயிட்டு வந்தாங்க. எல்லாரும் ரொம்ப நல்லா இருந்துச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாங்களே!"

"நீங்க அவ்வளவு ஆசையாக் கேப்பீங்க. எப்படிச் சொல்லுவாங்க?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் ஒரு சிரிப்பு. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாத சிரிப்பு. சின்னவளும் சேர்ந்துகொண்டாள். சிரித்து ஓய்ந்தபோது பெஞ்சில் நிமிர்ந்து உட்காரக்கூடப் பெரியவளுக்கு முடியவில்லை. அப்படியே சறுக்கி இறங்கி, சருகுகள் குவிந்திருந்த இடத்தில் சாய்ந்தாள். "ரெண்டு நிமிஷம்," என்றாள்.

கண் விழித்தபோது வெயில் மரங்களின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை. வரவேற்பு மேசையில் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். காலில் செருப்பு இல்லை. அது பக்கத்தில் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தது. மேலே சின்னவளின் மேல்கோட்டு. சின்னவள் தோளைக் குறுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, கைகளுக்கு ஏதோ களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பக் கூடாதா?"

"எதுக்கு?"

பெரியவள் மேல்கோட்டை எடுத்துச் சின்னவளின் தோளில் போட்டாள்.

"மாமா போன் பண்ணாரு. பிளம்பருக்கு ஏதோ சாமான் வேணுமாம், உங்ககிட்டதான் கேக்கணும்னாரு. அக்கா தூங்கறாங்க, எழுப்ப மாட்டேன்னு சொன்னேன். அப்புறமும் பண்ணாரு. நான் எடுக்கல."

"எடுக்கலையா? அவர் என்ன நெனைப்பாரு?"

"நெனைக்கட்டும்," என்றாள் சின்னவள். ஊரை விட்டுப் போகப்போகிறவளின் தைரியம் அதில் கொஞ்சம் இருந்தது. "பகல்ல நீங்க தூங்கி நான் பாத்ததே இல்ல அக்கா. நல்லாத் தூங்கினீங்க. லேசாக் கொறட்டகூட விட்டீங்க."

"போடி."

முட்டையை உரித்துத் தின்றார்கள். சின்னவளுக்குச் சேர்த்துப் பெரியவளே உரித்தாள். களிம்பு தடவிய கையால் எடுக்க முடியாதென்று வாயிலேயே ஊட்டினாள். இதற்கு முன் அவர்களுக்குள் நடந்திராத காரியம் அது. ஆனால் கையில் முட்டை இருந்தது, எதிரே பசித்த வாய் இருந்தது. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

"மகாராணி மகாராணின்னு சொன்னேன் உன்ன," என்றாள் பெரியவள் மெதுவாக.

"தெரியாமத்தானே சொன்னீங்க."

"தெரிஞ்சிருந்தாலும் ரெண்டு ரூமாவது முடிச்சுட்டுப் போன்னுதான் சொல்லியிருப்பேன்." சொன்ன பிறகு, அது உண்மைதான் என்று அவளுக்கே உறைத்தது. கொஞ்ச நேரம் முட்டை ஓட்டைச் சின்னச் சின்னதாக நொறுக்கிக்கொண்டிருந்தாள். "இனிமே விரிப்பெல்லாம் வெளியில துவைக்கக் குடுத்துடலாம்னு பாக்கறேன்."

சின்னவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அத முன்னாடியே செஞ்சிருக்கலாமே அக்கா."

"செஞ்சிருக்கலாம்," என்றாள் பெரியவள்.

குற்றம் சாட்டுகிற குரலில் சின்னவள் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த வார்த்தை அந்தக் கையைப் போலவே எரிந்தது. செய்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. வீட்டில் துவைத்த விரிப்பு என்று விருந்தாளிகள் முகர்ந்து பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தைக்காக, அது தன்னைச் சொல்வதாகவே நினைத்துக்கொண்டு, இரண்டு பேர் உடம்பையும் அவள் செலவழித்துவிட்டாள்.

இறங்குவது சுலபமாக இருந்தது. பெடலே மிதிக்க வேண்டியிருக்கவில்லை. சருகுகள் சக்கரத்தில் அரைபட, வளைவுகளில் பிரேக்கைக் கிரீச்சிட வைத்துக்கொண்டு இறங்கினார்கள். ஓடையில் பெரியவள் இரண்டு சைக்கிளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அக்கரையில் வைத்தாள். பிறகு திரும்பி வந்து, சின்னவளின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். கை வேண்டாம், முழங்கைதான் நல்லது என்று இப்போது தெரிந்திருந்தது. மேய்ச்சல் நிலம் தாண்டும்போது பாதை ஒரு மேட்டில் ஏறியது. அங்கே யாரும் பெஞ்சு போட்டிருக்கவில்லை. அங்கிருந்து கடல் முழுசாகத் தெரிந்தது, சாம்பல் நிறத்தில், அசையாமல். இருவரும் இறங்கி நின்று பார்த்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அழகை அனுபவிக்கும் நிலையில் கால்கள் இல்லை.

விடுதிக்கு வந்தபோது பாய்லர் இன்னும் திறந்த வயிற்றோடுதான் கிடந்தது. சாமான் கிடைக்காமல் பிளம்பர், நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கணவர் சமையலறை மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவளை மேலும் கீழும் பார்த்தார். முடியில் சருகு, முழங்காலில் சேறு.

"நிஜமாவே தூங்கினியா?"

"ஆமா."

"நான் பயந்தே போயிட்டேன். நீ தூங்கறேன்னு அவ சொன்னதும், என்னமோ ஆயிடுச்சு, மறைக்கறான்னு நெனச்சேன்."

பெரியவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தம்பி போறது உங்களுக்குத் தெரியுமாமே."

அவர் மேசையைப் பார்த்தார். "உன்கிட்ட யாரு சொல்றது? நீயே சொல்லு."

அவளுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. "அடுத்த சீசன்லேர்ந்து மாடிய மூடிடலாம். கீழ்த் தளம் போதும். துணிய வெளியில குடுத்துடலாம்."

"ஆளுங்க மாடிதானே கேப்பாங்க? கடல் தெரியற ரூமெல்லாம் அங்கதான இருக்கு?"

"இல்லன்னு சொல்லுவோம்."

அவர் வாதாடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "என் முட்டியும் அந்தப் படியில ஏறி எறங்கி போயிடுச்சுதான்," என்றார். அவருக்கு முட்டி வலி என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று அவளால் மாடியில் இருந்த தங்கள் படுக்கைக்கு ஏற முடியவில்லை. முதல் படியில் கால் வைத்ததுமே தொடை மறுத்துவிட்டது. கீழே, வாசலுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த அறையில், விரிப்பில்லாத மெத்தையில் சேற்றுக் காலோடு படுத்தாள். வேறு யாராவது அப்படிப் படுத்திருந்தால் அவள் வீட்டை இரண்டாக்கியிருப்பாள்.

சின்னவளும் அவள் கணவனும் மழை தூறிய ஒரு காலையில் கிளம்பினார்கள். மூட்டை கட்டியதெல்லாம் பெரியவள்தான். சின்னவளைக் கயிற்றைத் தொட விடவில்லை. பஸ் நிலையத்தில் கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. "களிம்ப மறந்துடாத," என்றாள் இவள். "நீங்க கொஞ்சம் உக்காருங்க அக்கா," என்றாள் அவள். பஸ் போயிற்று. வீடு திரும்பி, மாடி அறைகளின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தியபோதுதான் பெரியவள் அழுதாள். அதையும் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த சீசனில் பழைய விருந்தாளிகள் சிலர் முகம் சுளித்தார்கள். வெளியில் துவைத்து வந்த விரிப்பில் அந்த வெயில் வாசனை இல்லை என்று ஒரு அம்மாள் சொன்னார். "இல்லதான்," என்று பெரியவள் ஒப்புக்கொண்டாள். சிலர் அடுத்த தெருவில் இருந்த விடுதிக்குப் போனார்கள். அவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். ஓடிப்போய் மாடிச் சாவியை எடுத்துவிடலாமா என்றுகூட ஓரிரு முறை தோன்றியது. எடுக்கவில்லை. அசதி முழுசாகப் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனால் மத்தியான வேளையில், சாப்பாட்டுக் கூடம் ஓய்ந்த பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கக் கற்றுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவள் போன் பண்ணுவாள். அவளுக்கும் அப்போதுதான் கவுண்டர் மூடும். விரலில் புதுத் தோல் வந்திருக்கிறது, இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது என்பாள். வரிசையில் நிற்பவர்கள் எப்படியெல்லாம் கத்துகிறார்கள் என்று ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டுவாள். இவ்வளவு பேசுகிறவளா அவள் என்று பெரியவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். கேட்டுக்கொண்டே சில நாள் தூங்கிப்போவாள். மறுமுனையில் பேச்சு கொஞ்ச நேரம் தொடரும். பிறகு, "அக்கா? தூங்கிட்டீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு, சின்னவள் போனை வைத்துவிடுவாள்.